இரண்டு கால்களுக்கும் உறை

கண்டக்டரம்மா ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால். தரையில் ஒட்டிய மஞ்சள் பட்டையின் விளிம்பைக் கட்டைவிரல் நுனி தொட்டுக்கொண்டிருந்தது. தொடை நடுவிலிருந்து கணுக்கால் வரைக்கும் இரண்டு கால்களிலும் கறுப்பு உறை. கன்னத்தை உப்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஏறுகிறவர்கள் ஏறி முடிக்கட்டும் என்று காத்திருப்பவள்போல ஒரு கணம் நின்றாள். பிறகு தாவினாள். தாவிய காலிலேயே இறங்கி, மற்றக் கால் தரையில் படாமல், ஆடாமல் நிற்க வேண்டும். நின்றாள். "போலாம் ரைட்!" என்று தனக்குத் தானே குரல் கொடுத்துவிட்டு அப்புறம்தான் மூச்சை விட்டாள்.

டேப்பக்கா முட்டி போட்டு உட்கார்ந்து, குதிகால் விழுந்த இடத்தில் விரலை வைத்து அளவு நாடாவை இழுத்தாள். அவளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. அது சம்பள நாளில் மட்டும் புழங்குவது. முட்டி அறுவை முடிந்து ஆஸ்பத்திரியின் அந்த நீளமான அறைக்கு வருகிறவர்கள், முதல் தடவை அவள் கழுத்தில் மாலைபோல நாடா தொங்குவதைப் பார்த்துவிட்டு அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். இப்போது துப்புரவுக்காரர் முதல் பெரிய டாக்டர் வரைக்கும் அவள் டேப்பக்காதான்.

"எவ்ளோக்கா?" என்றாள் கண்டக்டரம்மா.

"சொல்லக் கூடாதுன்னு தெரியும்ல?"

"தெரியும். சும்மா கேட்டுப் பாத்தேன். சில்லறை இல்லைன்னு தெரிஞ்சும் நூறு ரூபா நோட்ட நீட்டுறாங்கல்ல, அந்த மாதிரி."

அந்த அறையில் சொல்லக் கூடாதது அது மட்டுமல்ல. முட்டிக்குள் குறுக்கே ஓடும் தசைநார் அறுந்துபோனால் அதைத் தைக்க முடியாது. உடம்பின் வேறொரு இடத்திலிருந்து நார் எடுத்துப் புதிதாகக் கட்ட வேண்டும். எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் டாக்டர்களுக்குள் தீராத வழக்கு. முட்டிச் சில்லுக்குக் கீழே, முன்பக்கத்திலிருந்து எடுக்கலாம். தொடையின் பின்பக்கத்திலிருந்தும் எடுக்கலாம். பெரிய டாக்டர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆய்வு தொடங்கியிருந்தார். காசுக்கு விளையாடுகிறவர்கள் வேண்டாம், வேலை முடிந்து ஆசைக்கு விளையாடுகிறவர்கள் மட்டும் போதும் என்றார். யாருக்கு எது என்று குலுக்கல் முடிவு செய்தது. அளக்கிறவளுக்கு மட்டும் அது தெரியவே கூடாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும். மனசு சாய்ந்தால் நாடாவைப் பிடித்த விரலும் கொஞ்சம் சாயும். தழும்பு இருக்கும் இடத்தைப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும் என்பதால் வருகிறவர்களுக்கு வெளி அறையிலேயே உறை மாட்டி அனுப்புவார்கள். எந்தக் கால் என்றுகூட அவளுக்குத் தெரியாதிருக்க, நல்ல காலுக்கும் ஓர் உறை.

அப்படி வந்த கால்களை அவள் நிறைய அளந்திருந்தாள். பந்து உதைக்கிற தபால்காரர், கூடைப்பந்து ஆடுகிற பல் டாக்டர், மலை ஏறுகிற கணக்கு வாத்தியார். ஒருவரும் கோப்பை வாங்கப் போவதில்லை. ஆய்வுத் தாளில் அவர்களுக்குப் "பொழுதுபோக்கு விளையாட்டாளர்கள்" என்று பெயர். முதல் தடவை அதைப் படித்துப் பார்த்த கண்டக்டரம்மா மூக்கைச் சுளித்தாள். "பொழுதுபோக்கா? வாரம் பூரா பஸ்ஸுல நிக்கிறேனே, அதுக்கா இந்தப் பேரு? லீவு நாள் காலைல ரெண்டு மணி நேரம் வாலிபால் ஆடுறேன்ல, அப்போ மட்டும்தான்க்கா நான் எம் பொழுதுல இருக்கேன்." அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தப் பேச்சு டேப்பக்காவின் பின்னாலேயே வந்தது.

அறுவை முடிந்து ஒரு வருஷம் ஆகி, கண்டக்டரம்மா இன்று இரண்டு கால்களிலும் ஒரே மாதிரி தாவினாள். அளந்து முடித்த டேப்பக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எப்போதும் அப்படித்தான் எழுவாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டாக் கோச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"வலது காலு. எப்போ போச்சு?"

டேப்பக்கா நாடாவைச் சுருட்டினாள். சுருட்டிய நாடாவை விரித்து மறுபடி சுருட்டினாள்.

"நீங்க படி இறங்குறதை வாசல்ல நின்னு பாத்தேன். வலது காலை நம்பி ஒரு படிகூட இறங்கல. ஸ்டாப் வர்றதுக்கு முன்னாடியே கம்பியப் பிடிச்சுக்கிறவங்கள எனக்குத் தெரியாதா? நானும் ஆபரேஷனுக்கு முன்னாடி அப்படித்தானே இருந்தேன். என்ன ஆடுனீங்க?"

"வாலிபால்" என்றாள் டேப்பக்கா. அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லி எத்தனையோ வருஷங்கள் ஆகியிருந்தன. வேறு யாரோ சொன்னதுபோல் கேட்டது.

கல்யாணத்துக்கு முந்தின ஆட்டம் அது. உயரமாகப் போட்ட பந்துக்கு எழும்பி, அடித்து, இறங்கும்போது முட்டிக்குள்ளே சுள்ளி ஒடிந்ததுபோல் ஒரு சத்தம். அவளுக்கு மட்டும் கேட்ட சத்தம். சுளுக்கு என்றார் அப்பா. சுளுக்குதான் என்றாள் அம்மா, கல்யாணத் தேதியை நினைத்துக்கொண்டு. இறுக்கமாகக் கட்டுப் போட்டு அதன்மேல் புதுப் புடவை கட்டிக்கொண்டு, வந்தவர்கள் எல்லோரும் போகும்வரை நின்றாள். வீக்கம் வடிந்தது. நடக்க முடிந்தது. நடக்க முடிந்த பிறகு முட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பின்னால் படிப்பும் இந்த வேலையும் வந்தபோதுதான் உள்ளே அறுந்தது எது என்று அவளுக்கே தெரிந்தது. அதற்குள் மகன் பிறந்திருந்தான். இப்போது அவன் வளர்ந்து வேலைக்கு வெளியூர் போயும்விட்டான்.

"எங்க டீம்ல ஒரு ஆள் குறையுது" என்றாள் கண்டக்டரம்மா. "ஆட வேணாம். வந்து உக்காந்து பாருங்க. ஸ்கோர் சொல்லுங்க. எங்க மருந்துக் கடைக்காரி ஸ்கோர் சொன்னா ரெண்டு டீமும் தோத்துருது."

*

போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே விடுமுறை நாள் காலையில் போனாள். பழைய மாவு மில்லுக்குப் பின்னால் இருந்தது மைதானம். ஒரு பக்கம் தொய்ந்த நெட்டு, சுண்ணாம்புக் கோடு, ஓரத்தில் குவிந்து கிடந்த செருப்புகளும் தண்ணீர் பாட்டில்களும். தையல்காரம்மா ஒருத்தி, பள்ளிக்கூட டீச்சர்கள் இரண்டு பேர், மருந்துக் கடைக்காரி. எல்லோரும் பேண்ட்டை முட்டிவரை சுருட்டிவிட்டிருந்தார்கள். கண்டக்டரம்மா மட்டும் அந்த வெயிலில் இரண்டு கால்களிலும் கறுப்பு உறையோடு நின்றாள்.

"என்ன இது?" என்றாள் டேப்பக்கா.

"நீங்க வருவீங்களோ என்னமோன்னு போட்டுக்கிட்டு வந்தேன். தழும்பப் பாத்துட்டா அப்புறம் எங்காலை அளக்க வேற ஆளை விட்டுருவாங்கல்ல? இன்னும் ஒரு அளவு பாக்கி இருக்கே. வேற யாரு முன்னாடியும் நான் குதிக்க மாட்டேன்."

"இவளைப் பாத்தா சாவுக்கு வந்த பேண்டுக்காரன் மாதிரி இருக்குன்னு காலைலேர்ந்து சொல்லிட்டிருக்கோம்" என்றாள் தையல்காரம்மா.

டேப்பக்கா நெட்டுக் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு செங்கல்மேல் உட்கார்ந்து ஸ்கோர் சொன்னாள். கண்டக்டரம்மா பந்து தூக்கிக் கொடுக்கிறவள். விரல் நுனிகளில் பந்து வந்து உட்காருவதும், உட்கார்ந்த கணமே மேலே எழும்புவதும் ஒரே அசைவாக இருந்தது. பந்து நெட்டுக்கு மேலே போய், விழ மனமில்லாமல், ஒரு நொடி அப்படியே நிற்கும். அந்த நொடி டேப்பக்காவுக்குத் தெரியும். எதிர்ப்பக்கத்தவர் முகங்கள் எல்லாம் கீழே இருக்கும். உலகமே ஒரு சாண் தாழ்ந்துபோன மாதிரி இருக்கும். கை மட்டும் பின்னால் வளைந்து காத்துக்கொண்டிருக்கும். அவளுடைய அறையில் எல்லாவற்றையும் தரையில்தான் அளக்கிறார்கள். எவ்வளவு தூரம் தாவினாய் என்றுதான் கேட்கிறார்கள். எவ்வளவு உயரம் என்று கேட்கிற நாடா அங்கே கிடையாது.

ஆட்டம் முடிந்து எல்லோரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கண்டக்டரம்மா சும்மா விளையாட்டாகப் பந்தை மேலே போட்டாள். நல்ல உயரம். நெட்டை ஒட்டி, அடிப்பவளுக்கு வாகாக. டேப்பக்கா செங்கலிலிருந்து எப்போது எழுந்தாள், எத்தனை எட்டு வைத்தாள் என்று பிறகு யோசித்துப் பார்த்தும் அவளுக்கு நினைவு வரவில்லை. உள்ளங்கையில் பந்து பட்ட சுரீர் மட்டும் நினைவிருந்தது. அது சரியான இடத்தில் பட்ட சுரீர். அப்புறம் தரை வந்தது. தடம் விட்டு நழுவும் மேசை இழுப்பறைபோல் வலது முட்டி பக்கவாட்டில் போயிற்று.

எல்லோரும் ஓடி வந்தார்கள். டேப்பக்கா முட்டியை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு மண்ணில் கிடந்தாள். கண்களில் நீர் வழிந்தது.

"உள்ள விழுந்துச்சா, வெளிய விழுந்துச்சா?" என்று கேட்டாள்.

"என்னதுக்கா?"

"பந்து."

"கோட்டுக்கு உள்ளதான்" என்றாள் கண்டக்டரம்மா. "எடுக்க முடியாத பந்துக்கா அது."

*

"இந்த முட்டிய வச்சுக்கிட்டா இத்தனை வருஷமா என் ஆஸ்பத்திரியில நடக்குறீங்க?" என்றார் பெரிய டாக்டர், படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "ஊர்ல இருக்குற முட்டிக்கெல்லாம் அளவு எடுக்குறவங்க."

"பண்ணிக்கலாமா சார்?"

"பண்ணிக்கலாம். தேய்மானம் அதிகம் இல்ல. முன்பக்கமா, பின்பக்கமா?"

"நீங்க சொல்லுங்க சார்."

"எனக்குத் தெரிஞ்சிருந்தா எதுக்கும்மா ஆய்வு?" அவர் சிரித்தார். "கடைசி ஆள் வரைக்கும் அளந்து முடிக்கணும். அப்புறம்தான் யாருக்கு எதுன்னு பிரிச்சுப் பாக்க முடியும். அவசரம்னா இப்பவே ஏதாவது ஒண்ணு பண்ணிடலாம். பொறுத்தீங்கன்னா பதில் கையில இருக்கும்."

பொறுக்கிறேன் என்றாள். கேட்டால் சிரிப்பாகத்தான் இருக்கும். ஒவ்வொரு தாவலையும் தன் விரலால் தொட்டு அளந்தவள் அவள். எது நல்லது என்று அந்தக் கட்டடத்திலேயே கொஞ்சமும் தெரியாதவளும் அவள்தான்.

வீட்டில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் வீட்டுக்காரர் டைல்ஸ் போடுகிறவர். காலையில் முட்டியில் ரப்பர்க் கவசம் கட்டிக்கொண்டு போனால், ஊரார் வீட்டுத் தரைகளில் நாள் முழுக்க முட்டி போட்டுத் தவழ்ந்துவிட்டு வருவார். சொந்த வீட்டுக் கூடத்தில் மட்டும் பாதித் தரைக்கு டைல்ஸ், மீதிக்கு சிமெண்ட்டு. மிச்சம் விழுந்ததையெல்லாம் சேர்த்துப் போட்டதில் ஒரு மூலை ரோஜா நிறம், ஒரு மூலை சாம்பல். கேட்டால், "நம்ம வீடுதானே, எங்க ஓடிடப் போகுது" என்பார்.

"நடக்க முடியுதுல்ல?" என்றார் அவர், சாப்பிட்டுக்கொண்டே.

"முடியுது."

"வேலைக்குப் போக முடியுதுல்ல?"

"முடியுது."

"அப்புறம் எதுக்கு நல்லா இருக்குற உடம்ப வெட்டணும்?"

தாவணும் என்று சொல்ல வாய் எடுத்தாள். சொல் வரவில்லை. இந்த வயதில், தலையில் நரை எட்டிப் பார்க்கிறபோது, மகனுக்குப் பெண் தேடுகிற வீட்டில், அந்தச் சொல்லை எங்கே கொண்டுபோய் வைப்பது? வலி என்றால் வைக்க இடமிருக்கிறது. ஆசைக்கு எந்த வீட்டிலும் அலமாரி கிடையாது. அதனால் மரியாதையான காரணம் ஒன்றைச் சொன்னாள். "படி இறங்க சிரமமா இருக்குங்க. ஒரு நாள் உருண்டு விழுந்தா?"

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது வாசல் படிகளின் இரண்டு பக்கமும் இரும்புக் கைப்பிடி நின்றது. படிகளில் வழுக்காத சொரசொரப்பு டைல்ஸ், அதுவும் எல்லாம் ஒரே நிறத்தில். அவர் கைப்பிடியைப் பிடித்து உலுக்கிக் காட்டினார். "யானை சாஞ்சாலும் அசையாது. வா, இறங்கிப் பாரு."

அவள் இறங்கிப் பார்த்தாள். கைப்பிடி உள்ளங்கைக்குச் சில்லென்று இருந்தது. சிரமமே இல்லை. அவர் முகம் மலர்ந்திருந்தது. கேட்டதைக் கொடுத்த மனுஷரிடம், நான் கேட்டது இது இல்லை என்று எப்படிச் சொல்வது? உள்ளே போய், முகத்தைக் கழுவிக்கொண்டு, நல்லா இருக்கு என்றாள்.

*

அடுத்த வருஷம் கண்டக்டரம்மா கடைசி அளவுக்கு வந்தாள். அவளோடு ஆய்வில் சேர்ந்தவர்கள் எல்லோரும் அளந்து முடிந்து போயிருந்தார்கள். வேலை நேரத்துக்கு நடுவில் ஓடி வந்திருந்ததால் சீருடையைக்கூட மாற்றவில்லை. கழுத்தில் விசில் தொங்கியது. தாவினாள். நின்றாள். இந்தத் தடவை ரைட் சொல்லவில்லை.

விசிலைக் கழற்றி மேசையில் வைத்தபோது அது உருண்டு விழுந்து பரிசோதனைக் கட்டிலுக்கு அடியில் ஓடியது. கண்டக்டரம்மா அதை எடுக்கக் கட்டிலருகே போனாள். அதற்கு முட்டி போட்டாக வேண்டும். முன்பக்கத்திலிருந்து நார் எடுத்தவர்களுக்குத் தரையில் முட்டி ஊன்றினால் வலிக்கும் என்று அந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அவள் ஊன்றுகிற விதத்தை ஒரு பார்வை பார்த்தால் போதும். டேப்பக்கா வருஷக்கணக்காகத் தெரியாமல் வைத்திருந்த பதிலில் ஒரு துண்டு, அவள் மிகவும் விரும்பிய காலிலிருந்தே, இந்த நிமிஷமே கையில் விழும். இன்னும் ஒரு சோதனை பாக்கி இருந்தது.

டேப்பக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

பின்னால் துணி உரசும் சத்தம். கட்டில் லேசாக நகரும் சத்தம். ஒரு மூச்சு. அது வலியா, குனிந்ததாலா என்று தெரியவில்லை.

"திரும்பலாம்க்கா" என்றாள் கண்டக்டரம்மா. விசில் அவள் கையில் இருந்தது. "இவ்ளோ ரோஷமா உங்களுக்கு?"

"ரோஷம் இல்ல. இத்தனை நாள் காப்பாத்திட்டேன்."

கடைசிச் சோதனையும் முடிந்தது. கண்டக்டரம்மா வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். "இனிமே இங்க வர மாட்டேன். தாவச் சொல்லவும் ஆள் இல்ல, அளக்கவும் ஆள் இல்ல." விசிலின் கயிற்றை விரலில் சுற்றினாள். "உங்களுக்குன்னு பந்து தூக்கிப் போடணும்னு கை ஊறுதுக்கா. அன்னிக்கு அடிச்சீங்களே. அந்த மாதிரி அடிக்கிற ஆள் எங்க யாருக்கும் கிடைச்சதில்ல. எவ்ளோ நாள் ஆனாலும் சரி. அந்த இடத்துல ஆள் போடாம வச்சிருப்பேன்."

அவள் போன பிறகும் தரையில் மஞ்சள் பட்டை அப்படியே இருந்தது. டேப்பக்கா அதைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு பேரைத் தாவச் சொன்ன பட்டை. அவளை ஒருபோதும் சொன்னதில்லை.

*

பிரித்துப் பார்த்த அன்று பெரிய டாக்டர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மேசையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் தேய்த்தார்.

"வித்தியாசம் இல்ல" என்றார்.

"சார்?"

"தாவுற தூரம், நிக்கிற பலம், திரும்ப ஆட வந்தவங்க, எல்லாத்துலயும் ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒண்ணுதான். முன்பக்கம் எடுத்தவங்களுக்கு முட்டி கொஞ்சம் இறுக்கமா நிக்குது. ஆனா தரையில முட்டி போட்டா வலிக்குதுங்கறாங்க, அது போகவே இல்ல. பின்பக்கம் எடுத்தவங்க சுகமா முட்டி போடுறாங்க. அதுல சில பேருக்கு மூட்டு லேசாத் தளருது. குதிச்சுத் திரும்புற ஆட்டம் ஆடுறவங்கள்ல ஒண்ணு ரெண்டு பேருக்கு மறுபடி அறுந்தும் போச்சு. ஒண்ணு ரெண்டு பேர்தான். அத வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது." டீயை ஒரு வாய் குடித்து முகம் சுளித்தார். "ஆக, எதுக்கு வேணும்கிறதப் பொறுத்துதான் எது நல்லதுன்னு சொல்லலாம். நீங்க முட்டி போட்டு அளக்குற வேலை பாக்குறீங்க. அதப் பாத்தா பின்பக்கம். சரி, உங்களுக்கு எதுக்கு வேணும்?"

யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. அந்தக் கேள்வி இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவள் நினைக்கவும் இல்லை.

"படி இறங்கும்போது..." என்று ஆரம்பித்தாள்.

"படி இறங்குறதுக்கு ஆபரேஷனே வேணாமேம்மா. பயிற்சி போதும்." அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். "வீட்ல கலந்து பேசிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்தவள் உள்ளே போகவில்லை. சொரசொரப்புப் படியில் உட்கார்ந்து கைப்பிடியில் தலை சாய்த்துக்கொண்டாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தெருவில் இரண்டு சிறுமிகள் கட்டம் போட்டு ஒற்றைக் காலில் தாவிக்கொண்டிருந்தார்கள். கோட்டை மிதித்துவிட்டாய், இல்லை என்று சண்டை. அவளைக் கூப்பிட்டிருந்தால் சொல்லியிருப்பாள், மிதிக்கவில்லை.

வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து, சாந்து காய்ந்த கையோடு பக்கத்தில் உட்கார்ந்தார். முட்டிக் கவசத்தை அவிழ்த்தார்.

"ஏன் இங்க உக்காந்திருக்க? கைப்பிடி ஆடுதா?"

"ஆடல."

"பின்ன?"

"நான் பொய் சொன்னேங்க. படி இறங்குறதுக்கு இல்ல." தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்குத் தாவணும். வாலிபால் ஆடணும். நெட்டுக்கு மேல போகணும். வேற ஒரு காரணமும் இல்ல. சிரிக்கிறதுன்னா சிரிச்சுக்கோங்க."

அவர் சிரிக்கவில்லை. கவசத்தின் வாரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சிறுமிகளில் ஒருத்தி தோற்றுப்போய் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள்.

"அதச் சொல்லியிருந்தா இந்தக் கைப்பிடிக்கு அலைஞ்சிருக்க வேணாமே" என்றார் கடைசியில். "வெல்டர் வீட்டுக்கு நாலு நடை." பிறகு, "டாக்டர் என்ன சொன்னாரு?"

அவள் சொன்னாள். முன்பக்கம் என்றால் இது, பின்பக்கம் என்றால் அது. அவர் நடுவில் பேசாமல் கேட்டார். ஒரு தரையை முதல் தடவை பார்க்கிறபோதும் அப்படித்தான் பேசாமல் இருப்பார்.

"முன்பக்கம் எடுத்தா முட்டி போட முடியாது. அவ்ளோதானே?"

"வலிக்கும். எப்பவும்."

"தாவுறதுக்கு அது கெட்டியா?"

"கொஞ்சம் கெட்டி. அதுவும் நிச்சயமாச் சொல்ல முடியாதாம்."

"அப்போ அதையே எடு" என்றார். "இந்த வீட்ல முட்டி போடுறதுக்கு நான் ஒருத்தன் போதாதா?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, இன்னொன்றும் வந்தது. "ஆஸ்பத்திரியில? அங்கயும் நீங்களா வந்து முட்டி போடுவீங்க?"

"குட்டி ஸ்டூல் ஒண்ணு அடிச்சுத் தர்றேன். உக்காந்துக்கிட்டு அள. கீழ சக்கரம் வச்சுடலாம், தள்ளிக்கிட்டே போகலாம்." கவசத்தை அவள் மடியில் போட்டுவிட்டு உள்ளே போனார்.

*

அறுவைக்கு நாள் குறித்த பிறகு ஒரு காலை, கூடத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டு அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, கோணல் பார்க்கிற ரசமட்டத்தைச் சுவரில் வைத்து, கதவு நிலைக்கும் மேலே சின்னதாக ஒரு கோடு போட்டார். இறங்கி, பின்னால் போய், ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மறுபடி ஏறினார். போட்ட கோட்டை எச்சில் விரலால் அழித்துவிட்டு, அதற்கு இரண்டு விரல் மேலே இன்னொன்று போட்டார்.

"அங்க எதுக்கு டைல்ஸ்? அடுப்புப் புகை அவ்ளோ உயரமா போகுது?"

"டைல்ஸ் இல்ல. உன் கை."

"எங் கையா?"

"நீ அடிக்கும்போது உன் கை இங்க இருக்கும்." அவர் நாற்காலியை விட்டு இறங்காமலே பேசினார். "கல்யாணத்துக்கு முந்தி நீ ஆடுன மைதானத்துல பார்வையாளர் படிக்கட்டுக்கு நாங்கதான் தரை போட்டோம். மேஸ்திரி நாள் பூரா என்னத் திட்டிக்கிட்டே இருந்தாரு, எங்கடா பாக்குறேன்னு. நெட்டு உயரம் எனக்குத் தெரியும். அதுக்கு மேல எவ்ளோ போச்சுன்னும் தெரியும். அந்தப் படியில ஒரு வரிசை கோணலாத்தான் இருக்கும். இப்பவும் இருக்கும், போய்ப் பாரு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். இத்தனை வருஷத்தில் அவர் இதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. அவளும் கேட்டதில்லை. படியில் உட்கார்ந்து அவள் சொன்ன நாள்வரை வாலிபால் என்ற சொல்லே அந்த வீட்டுக்குள் வந்ததில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"பேசாமலே இருந்துட்டீங்களே."

"நீ நிறுத்திட்ட. வலிக்குமேன்னு விட்டுட்டேன்." அவர் இறங்கி, பையை எடுத்துக்கொண்டார். வாசலில் கைப்பிடியை ஒரு தடவை உலுக்கிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனார்.

வீடு அமைதியானது. அவள் கூடம் பெருக்கினாள். ரோஜா நிற மூலையைப் பெருக்கி, சாம்பல் நிற மூலைக்கு வந்து, அந்தச் சுவருக்கு அடியில் நின்றாள். துடைப்பத்தைக் கீழே சாய்த்துவிட்டு, வலது கையைத் தூக்கி விரல்களை விரித்தாள். கோடு எட்டவில்லை. நுனிக்காலில் எழும்பினாள், இடது காலில் மட்டும் பாரம் கொடுத்து. விரல் நுனிக்கும் பென்சில் கோட்டுக்கும் நடுவே வெறும் சுவர் இருந்தது. நாடா இருந்தது, வேலைக்குக் கிளம்புவதற்காக மாட்டியது, கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. எட்டின இடத்தில் சுண்ணாம்பின்மேல் விரல்களை அழுத்தி வைத்துக்கொண்டு, தலையை அண்ணாந்து, அப்படியே நின்றாள்.